நம்பர் பிளேட்டில் எதற்கு உங்கள் சாதி?

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டர் சாலை வண்டிகளால் நிறைந்துவிடும். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, கன்னியாகுமரி எண்கள், புளியரை வழியாக வரும் கேரள எண்கள், இவற்றோடு நம் ஊர் டிஎன் 76, சங்கரன்கோவிலின் டிஎன் 79. ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் நின்று வண்டிகளின் முதுகைப் படித்தாலே போதும். தென்மாவட்டங்களின் சாதிப் பட்டியலை எழுதிவிடலாம். தேவர், நாடார், கோனார், பிள்ளை, ரெட்டியார், தேவேந்திரர். சில வண்டிகளில் பின் கண்ணாடி முழுக்க. சில வண்டிகளில் வாள், சிங்கம், 'ஆண்ட பரம்பரை'. இப்போது அதிகமாகக் கண்ணில் படுவது இன்னொரு இடம்: நம்பர் பிளேட்டைச் சுற்றி மாட்டும் கறுப்பு ஃபிரேம். அதன் கீழ்ப்பட்டையில் வழக்கமாக வண்டி விற்ற ஷோரூமின் பெயர் இருக்கும். அந்த இடத்தில் சாதிப் பெயரை ரேடியத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அதே வண்டியிலிருந்து இறங்கியவர் சற்றுத் தள்ளி அருவிக்குள் நிற்கிறார். தலையில் எண்ணெய், இடுப்பில் துண்டு. பக்கத்தில் தோள் உரசி நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார், கூட்டத்தில் இடம் கிடைத்ததே பெரிது. குளித்துத் தலை துவட்டி வண்டியை எடுத்ததும், அவருக்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அவருடைய சாதியைப் படித்தே ஆக வேண்டும். யார் கேட்டார்கள் அவரிடம்?

இதைச் சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். "ஒரு ஸ்டிக்கர்தானே, விடுங்க தோழர்" என்று நம் தோழர்களே சொல்வதுண்டு. விட முடியாது என்பதற்கான காரணங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பலகை யாருடையது என்று பார்ப்போம். வண்டி உங்களுடையது. கடன் கட்டுவது நீங்கள். ஆனால் அதில் இருக்கும் எண்ணும் அதைத் தாங்கும் பலகையும் அரசின் பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41(6), பதிவெண்ணை ஒன்றிய அரசு வகுத்த வடிவில், வகுத்த முறையில் மட்டுமே காட்ட வேண்டும் என்கிறது. அந்த வடிவத்தை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 50, 51-ஆம் விதிகள் மில்லிமீட்டர் கணக்கில் சொல்கின்றன. இருசக்கர வண்டிக்குப் பலகை 200-க்கு 100 மில்லிமீட்டர். காருக்கு 500-க்கு 120 அல்லது 340-க்கு 200. காரின் எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை. அதில் சக்கர முத்திரை, லேசர் எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு. பெயர், படம், அலங்கார எழுத்து எதுவும் பலகையில் கூடாது என்பதே இந்த விதிக்குப் போக்குவரத்துத் துறை தரும் விளக்கம்.

யோசித்துப் பாருங்கள். பண்ணையாரின் காரிலும் அவர் வயலில் வேலை பார்த்தவரின் மகன் வாங்கிய காரிலும் எழுத்து ஒரே 65 மில்லிமீட்டர்தான். இந்த நாட்டில் ஊர் வேறு, தெரு வேறு, சுடுகாடு வேறு. எல்லோரையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், வரிசைக் கிரமத்தில் எழுதும் இடங்கள் மிகச் சில. வாக்காளர் பட்டியல் ஒன்று. நம்பர் பிளேட் இன்னொன்று. அந்தச் சமத்துவத்தைத்தான் ஃபிரேமில் சாதியை எழுதுகிறவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "நம்பர் உனக்கும் எனக்கும் ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறு" என்று சொல்வதற்காகவே அந்தக் கீழ்ப்பட்டை.

தென்காசியில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "பிளேட்டுல எழுதச் சொன்னா நான் எழுத மாட்டேன் அண்ணாச்சி, செக்கிங்ல பிடிச்சா கஸ்டமர் நம்மளத்தான் வைவான். ஃபிரேம்ல எழுதுனா ஒண்ணுஞ் சொல்லதில்ல" என்றார். எந்தச் சாதிக்கு எந்த நிறம், எந்த எழுத்துரு, எந்தப் படம் என்று எல்லாம் கணினியில் தயாராக வைத்திருக்கிறார். அவருடைய சாதிக்கு மட்டுமல்ல, அவரை வீட்டுக்குள் விடாத சாதிக்கும் அவர்தான் வெட்டிக் கொடுக்கிறார். "தொழில்ல சாதி பாக்க முடியுமா?" என்று சிரித்தார். தமிழில் ஃபிரேமுக்கும் சட்டம் என்றுதான் பெயர். பலகையைப் பற்றிய சட்டத்தை, பலகையைச் சுற்றிய சட்டத்தை வைத்து ஏமாற்றும் வித்தை இது.

சரி, அந்த எழுத்து என்ன செய்கிறது? வண்டிக்குள் இருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. அவருக்கு முதுகுப் பக்கம் அது. அது எழுதப்பட்டிருப்பது பின்னால் வருகிறவருக்காக. சோதனையில் நிற்கும் காவலருக்காக. டீக்கடை வாசலில் நிற்பவர்களுக்காக. காவலர் அதே சாதி என்றால் ஒரு சிரிப்பு, வேறு சாதி என்றால் ஒரு தயக்கம். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பின் குறுகலான தெருவில் அந்த வண்டி ஹாரன் அடிக்கும்போது, ஒதுங்குகிறவர் ஒதுங்குவது வண்டிக்காக மட்டுமல்ல.

இன்னொன்றும் நடக்கிறது. இதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. பத்துப் பேர் வண்டியில் சாதியை எழுதினால், எழுதாத பதினோராவது வண்டியும் படிக்கப்படுகிறது. ஒன்றும் எழுதாமல் ஒரு பையன் புது பைக்கில் ஊருக்குள் வந்தால், "எந்த ஊருலே? எந்தத் தெரு?" என்று கேள்வி வருகிறது. எழுதாமல் இருப்பதே அடையாளமாகிவிடுகிறது. கையில் கயிறு கட்டாத மாணவனைப் பள்ளியில் பார்ப்பது போலத்தான் இதுவும். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் வண்டி ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று அவருடைய குடும்பம் சொன்னது. வண்டி என்பது இங்கே வெறும் வண்டியாக இருந்ததே இல்லை. யார் ஏறலாம், எதில் ஏறலாம், எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பது சாதியின் பழைய சட்டம். அதை ரேடியத்தில் புதுப்பிக்கிறார்கள்.

நம் இயக்க வரலாற்றிலேயே வண்டிக்குத் தனி இடம் உண்டு. பேருந்து வந்த புதிதில் தென்மாவட்டங்களில் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. அப்படி மறுத்தால் உரிமம் ரத்து என்று பேருந்து முதலாளிகளுக்கு உத்தரவிட்டவர், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. தம் பெயரிலிருந்த பட்டத்தை அவரே விட்டார். பெயரிலிருந்து விட்டதை அடுத்த நூற்றாண்டில் பேரப்பிள்ளைகள் பம்பரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், நாம் எங்கே தவறினோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

1997-ஐ நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தமிழக அரசு வைத்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி, ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றன ஆதிக்கச் சாதிகள். கல்வீச்சு, கலவரம், உயிர்ப்பலி. கட்டபொம்மன் பெயர் எழுதிய பேருந்தில் திருநெல்வேலியில் எல்லோரும்தான் ஏறினார்கள். தளபதியின் பெயர் மட்டும் தீட்டாகிவிட்டது. கடைசியில் ஜூலையில், போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. ஒரு பெயரை ஏற்க மனமில்லாதவர்களுக்காக எல்லாப் பெயர்களும் போயின. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதிதான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

அரசுப் பேருந்தில் ஒரு தலைவரின் பெயரைத் தாங்க முடியாத அதே கூட்டம், சொந்த வண்டியில் சாதிப் பெயரை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறது. பேருந்திலிருந்து பெயரை எடுத்த அரசு, காரில் இருப்பதைக் கண்டுகொள்வதில்லை.

அரசுக்குத் தெரியாமலும் இல்லை. தென்காசி மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் பிறந்த நாள். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டி மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு போடுகிறது. முன்பு 144, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்குப் பெயர் 163. எந்த வண்டி வரலாம், எந்த வண்டி வரக்கூடாது என்று கட்டுப்பாடு, வழிநெடுகச் சோதனை. அதாவது, வண்டி வழியாகச் சாதி பயணம் செய்கிறது என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சனை. மீதி நாட்களில் அது தனிநபர் விருப்பம்! இதே சங்கரன்கோவில் வட்டாரத்தில்தான் 2022 செப்டம்பரில் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்கு மிட்டாய் தர மறுத்து அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். அன்று எந்த நினைவு நாளும் இல்லை. சாதி விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றோடு, சாதியைக் காட்டும் வண்ணம் பூசிய மிதிவண்டியில் மாணவர்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. அரசு பதினொன்றாம் வகுப்பில் இலவசமாகக் கொடுக்கும் மிதிவண்டி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். அதற்குச் சாதி வண்ணம் அடிக்க அந்தப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டது? வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் வண்டியைப் பார்த்துத்தான். மகனின் சைக்கிளைத் தடுத்துவிட்டு அப்பாவின் காரை விட்டுவிடும் சீர்திருத்தத்தால் என்ன பயன்?

நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று சொல்ல வேண்டாம். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, வண்டிகளில் 'காவல்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' என்றெல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு எதிராக இறங்கியது. பலகையில் எழுதியிருந்தால் 50-ஆம் விதி, பிரிவு 177. முதல் முறை 500 ரூபாய், மீண்டும் செய்தால் 1500. சென்னையில் 'பிரஸ்' என்ற எழுத்துக்குப் பாய்கிற அதே பிரிவு தென்காசியில் சாதிப் பெயருக்குப் பாயாதா? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. வரவேற்கிறோம். ஆனால், தெருப்பலகையில் அழித்த பெயர் அதே தெருவில் நிற்கும் வண்டியின் பலகையில் இருந்தால், அழித்ததற்கு என்ன பொருள்?

வடக்கே உத்தரப் பிரதேசத்தைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், வண்டிகளில் சாதிப் பெயரையும் சாதிப் பெருமை வாசகங்களையும் தடை செய்யும் வகையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்த வேண்டும் என்றது. சில நாட்களிலேயே அந்த மாநில அரசும் ஆணை போட்டது. அந்த ஆணையை அப்படியே கைதட்டி வரவேற்க நான் தயாரில்லை. வண்டி ஸ்டிக்கரோடு சாதி அடிப்படையிலான அரசியல் கூட்டங்களையும் சேர்த்தே அது தடை செய்தது. ஆதிக்கச் சாதிக்குக் கூட்டம் போடத் தேவையில்லை. காவல் நிலையமும் கோயிலும் நிலமும் அவர்கள் கையில். உரிமை கேட்கக் கூட வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள்தான். சாதிப் பெருமையைத் தடுப்பது வேறு, சாதிக் கொடுமையைப் பேசுவதைத் தடுப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாத, அல்லது தெரியாதது போல நடிக்கிற சட்டம் நமக்கு வேண்டாம்.

இங்கேதான் எதிர்க்கேள்வி வரும். "நீங்கள் அம்பேத்கர் படம் ஒட்டவில்லையா? பெரியார் படம் ஒட்டவில்லையா? எங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான், நேராகப் பதில் சொல்வோம். அம்பேத்கர் ஒரு சாதியின் பெயர் அல்ல. சாதியை ஒழிக்கச் சொன்னவரின் படத்தைப் பார்த்து, சாதியைக் காட்டுகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், சிக்கல் படத்தில் இல்லை, பார்வையில் இருக்கிறது. ஆனால் நம்பர் பிளேட்டைப் பொறுத்தவரை விதி எல்லோருக்கும் ஒன்றே. பலகையிலும் அதன் ஃபிரேமிலும் அண்ணல் படமும் வேண்டாம், பெரியார் படமும் வேண்டாம். நம் படங்களுக்கு அங்கே விலக்குக் கேட்டால், அவர்களுடைய வாளுக்கும் சிங்கத்துக்கும் நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

ஒடுக்கப்பட்ட சமூக இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் எழுதுகிறார்கள் என்பதால் நாமும் எழுதுகிறோம் என்பது புரிகிறது. நேற்றுவரை தலைகுனிந்து சொல்ல வைக்கப்பட்ட பெயரை இன்று நெஞ்சு நிமிர்த்தி எழுதுவதில் இருக்கும் கோபத்தை ஆதிக்கச் சாதியின் திமிரோடு ஒன்றாக வைத்து எடைபோட மாட்டேன். ஆனால் அந்த எழுத்தை அருந்ததியர் தெருவில் ஒரு பையன் எப்படிப் படிக்கிறான் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆண்ட பரம்பரைப் போட்டியில் நாமும் ஓடினால், கடைசியில் நிற்பவனுக்கு நாமும் மேல்சாதிதான்.

குற்றாலத்தில் சீசனுக்கு வேன் ஓட்டும் ஒருவரிடம், உங்கள் வண்டியில் ஏன் சாதிப் பெயர் இல்லை என்று கேட்டேன். மஞ்சள் பலகை வண்டி. "நாலு சாதிக்காரனும் ஏறணும்லா சார். எழுதி வச்சா சவாரி போச்சு" என்றார். பிழைப்புக்காக அவர் ஒரு நாளில் கண்டுகொண்டதை, சொந்தக் கார் வைத்திருக்கும் படித்தவர்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதியை எழுதினால் நட்டம் என்ற நிலை வந்தால் தானாக அழியும். அந்த நட்டத்தை உண்டாக்கும் கடமை அரசுக்கு உண்டு.

எனவே நாம் கேட்பது இதுதான். ஒன்று, தென்காசி, சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் காவல்துறையும் 50-ஆம் விதியைச் சாதிப் பெயருக்கும் பயன்படுத்த வேண்டும்; ஆகஸ்ட், செப்டம்பர் சோதனைச் சாவடிகளில் மட்டுமல்ல, சீசனில் குற்றாலத்து வண்டி நிறுத்தங்களிலும், ஆண்டு முழுவதும். இரண்டு, பலகையைச் சுற்றும் ஃபிரேமையும் பலகையின் பகுதியாகவே கருத வேண்டும். மூன்று, இயந்திர வாகனங்கள் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 35-ஆவது இனம். மாநிலத்துக்கும் சட்டமியற்ற அதிகாரம் உண்டு. வண்டியின் எந்தப் பகுதியிலும் சாதிப் பெயரும் சாதிப் பெருமை வாசகமும் கூடாது என்று தமிழ்நாடு தனக்கென ஒரு தெளிவான சட்டம் செய்யட்டும். சாதிக்கு எதிரான வாசகங்களைத் தொடாத சட்டமாக அது இருக்கட்டும். நான்கு, முதல் சோதனை அரசு ஊழியர்களின் வண்டிகளில் தொடங்கட்டும். காவல் நிலைய வாசலிலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே போதும்.

இந்தக் கோரிக்கையை எழுதும் முன் என் வண்டியைப் பார்த்தேன். பின்பலகையின் மூலையில் பெரியார் படம், ஒரு ரூபாய் அளவில். ஆறேழு ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறது. குற்றாலத்தில் ஒரு பயிற்சி முகாமில் வாங்கி ஒட்டியது. உரித்துவிட்டேன். பலகையில் பசைத் தடம் மட்டும் இருக்கிறது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் புதிதாக, இன்னும் பெரிதாக ஒன்று ஒட்டியிருக்கிறேன். தோழர்களும் இன்று மாலை தங்கள் வண்டிப் பலகையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு அடுத்தவன் பலகையைப் பார்த்துக் கேட்போம்.